பக்கத்துக் கடையில் பீர், மது விற்க உரிமம் எடுப்பது எப்படி? கோலாலம்பூர் கடைக்காரர்களுக்கு

என் தாய்மாமா செந்தூலில் சாமான் கடை வைத்திருக்கிறார். கடை நன்றாக ஓடியதால், அடுத்த சாலையில் இன்னொரு கடை எடுத்து பீரும் மதுவும் விற்கலாம் என்று முன்பணம் கட்டிவிட்டார். அந்தக் கடைக்கு நேர் எதிரே தமிழ்ப்பள்ளி. உரிமம் கிடைக்கவில்லை. முன்பணத்தையும் கட்டட உரிமையாளர் திருப்பித் தரவில்லை. அவருடன் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் அந்த நஷ்டம் வரக்கூடாது.

முதலில் என்ன விற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பீருக்கு ஒரு கணக்கு, விஸ்கி பிராந்தி போன்ற கடும் மதுவுக்கு வேறு கணக்கு. கோலாலம்பூரில் 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிமுறை, மளிகைக் கடை, கன்வீனியன்ஸ் கடை, சீன மருந்துக் கடை ஆகியவற்றில் கடும் மது விற்கக்கூடாது என்றது. பீரைக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை விற்கலாம் என்றது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை. அதனால் மனுப் போடும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) கவுன்டரில் நேரில் கேளுங்கள். ‘என் கடை இந்த வகை, நான் விற்க நினைப்பது இது, எந்த உரிமம் வேண்டும்?’ இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது இடம். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வாடகை குறைவு, முச்சந்தி, ஆள் நடமாட்டம் அதிகம் என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பள்ளி, வழிபாட்டுத் தலம், மருத்துவமனை, போலீஸ் நிலையம் ஆகியவற்றுக்கு முன்னால் மதுக்கடைக்கு இடமில்லை என்பதும் அதே 2020 விதிமுறையில் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் போன்ற பகுதியை நினைத்துப் பாருங்கள். கோயில், தேவாலயம், புத்த விகாரை, சூராவ் (முஸ்லிம்களின் சிறிய தொழுகைக்கூடம்) எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. வரைபடத்தை நம்பாமல் கடை வாசலில் நின்று நான்கு பக்கமும் நடந்து பாருங்கள். பின்பக்கச் சந்துகளையும் விடாதீர்கள். சின்ன சூராவும் மாடி வீட்டில் நடக்கும் பாலர் பள்ளியும் அங்கேதான் கண்ணில் படும். பிறகு அக்கம்பக்கத்தில் பேசுங்கள். நாளைக்கு ஆட்சேபம் வந்தால் அவர்களிடமிருந்துதான் வரும். மாமா இதைச் செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இடம் சரி என்று பட்டால், வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி கேளுங்கள்: உரிமம் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்று. சில உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள். அப்படிப்பட்டவரிடம் கடை எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

அப்புறம் அடிப்படைப் பத்திரங்கள். எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) வியாபாரப் பதிவு, டிபிகேஎல்லில் கடைக்கான வியாபார உரிமம், பெயர்ப்பலகை அனுமதி. இவை இல்லாமல் மது உரிமம் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. அடையாள அட்டை நகல், வாடகை ஒப்பந்தம், கடையின் உள்ளும் புறமும் எடுத்த படங்கள், கடை எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் இரண்டு செட் வையுங்கள். பெயரும் முகவரியும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு தாளில் ‘ஜாலான்’ (சாலை) என்ற சொல் முழுதாகவும் இன்னொன்றில் சுருக்கமாகவும் இருந்ததற்காக மாமா மறுபடியும் வரிசையில் நின்றார்.

மது உரிமத்துக்கு அடிப்படை 1976ஆம் ஆண்டு கலால் சட்டம். கோலாலம்பூரில் கலால் உரிம வாரியம்தான் முடிவு செய்யும், மனு டிபிகேஎல் வழியாகப் போகும். பினாங்கில் இருப்பவர்கள் தங்கள் மாவட்ட நில அலுவலகத்தில் விசாரியுங்கள். மனு கொடுத்த பிறகு போலீஸ் போன்ற துறைகளின் கருத்தைக் கேட்பார்கள், கடையை வந்து பார்ப்பார்கள், வாரியக் கூட்டத்தில் வைப்பார்கள். கூட்டம் தினமும் நடக்காது. காத்திருக்கும் மாதங்களுக்கும் வாடகை ஓடும் என்பதை முதலிலேயே கணக்கில் சேருங்கள். ‘நான் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்’ என்று வரும் ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். ரசீது தரும் கவுன்டரில் மட்டும் கட்டணம் கட்டுங்கள்.

உரிமம் கையில் வந்ததும் அதைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டிவிடுங்கள். 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது. அதற்கு முன்பு அது 18. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதில்லை என்ற அறிவிப்பையும் ஒட்ட வேண்டும். மதுவை மற்ற பானங்களோடு கலக்காமல் தனி அலமாரியில் வையுங்கள். வயது சந்தேகமாக இருந்தால், தெரிந்த வீட்டுப் பையனாக இருந்தாலும் அடையாள அட்டை கேளுங்கள். ‘அப்பா அனுப்பினார் அங்கிள்’ என்று வந்தாலும் கொடுக்காதீர்கள்.

சரக்கு எடுக்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். வரி முத்திரையும் ரசீதும் இல்லாத மலிவுச் சரக்கு கடைக்கே தேடி வரும். நம் தோட்டப்புறங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் என்ற நச்சுப்பொருள் கலந்த மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பாட்டிலைப் பார்த்து வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. அவர் நம்புவது கடைக்காரரைத்தான். அதனால் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்கி, ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாகக் கோப்பில் வையுங்கள். சோதனைக்கு சுங்கத் துறை வந்தால் அவர்கள் முதலில் கேட்பதில் அதுவும் ஒன்று.

உரிமத்தில் காலாவதித் தேதி இருக்கும். அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள்.