வறட்சியிலும் பூக்கும் செவ்வரளி: தோட்டப்புறத்தில் வளர்க்கும் முறை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டப்புறங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்து, கோயில் திடலின் புல்கூடக் காய்ந்து கிடக்கும் நாட்களில்தான் தைப்பூசமும் மாசி மகமும் வருகின்றன. மாலைக்குப் பூ மிகுதியாக வேண்டியிருக்கும் அந்த வாரங்களில், மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் நாள்தோறும் தண்ணீர் சுமக்க முடியாதவர்கள் செவ்வரளியை நட்டு வைப்பது நல்லது. ஒருமுறை வேரூன்றிவிட்டால் பல ஆண்டுகள் நின்று பூக்கக்கூடிய செடி இது.

இதன் தாங்குதிறன் இலையில் இருக்கிறது. மேற்புறம் மெழுகுப் பூச்சோடு தடித்திருக்கும். அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சிறு சிறு குழிகளும் அவற்றின் வாயில் மெல்லிய மயிரும் தெரியும். இலைத்துளைகள் அந்தக் குழிகளுக்குள் அமைந்திருப்பதால் வெயிலும் காற்றும் நேரே படாமல் ஈரம் மெதுவாகவே வெளியேறுகிறது.

விதையைத் தேடி அலைய வேண்டாம்; போத்து போதும். நன்றாகப் பூக்கும் செடியிலிருந்து, முற்றியும் முற்றாமலும் உள்ள பென்சில் பருமன் கிளையைச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளத்திற்கு வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை நீக்கி, ஈர ஆற்று மணலில் பாதி ஆழம் ஊன்றி நிழலில் வைக்க வேண்டும். ஏப்ரலில் மழை திரும்பியதும் இதைத் தொடங்கினால் அடுத்த வறட்சி வருவதற்குள் செடி தரையில் காலூன்றியிருக்கும்.

நம் ஊரில் அரளியைக் கெடுப்பது பெரும்பாலும் தேங்கும் நீரே. வெயிலில் வாடாமல் நின்ற செடி, செப்டம்பர், அக்டோபர் மழையில் வேரழுகிச் சாய்வதுண்டு. ஆகவே களிப்பான செம்மண்ணில் குழி தோண்டி நடுவதைவிட, மண்ணோடு மணலைக் கலந்து ஓர் அடி உயரத்திற்கு மேடு கட்டி, அதன்மேல் நடுவதே சரி. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும்; செம்பனை (எண்ணெய்ப்பனை) நிழலில் நட்டால் இலை தழைக்குமே தவிர பூ வராது. முதல் இரண்டு மூன்று மாதங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றினால், அதன்பின் கடும் வறட்சியிலும் வாரத்துக்கு ஒருமுறை வேர்வரை இறங்க ஊற்றுவது போதுமானது.

உரத்தில் தாராளம் காட்ட வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி பசுமையாக வளர்ந்து பூவைக் குறைத்துவிடும். செம்பனை ஆலையில் பழம் நீக்கிய வெற்றுக் குலையை எரித்த சாம்பல் கிடைத்தால், சாம்பல்சத்து (பொட்டாசியம்) நிறைந்த அதில் ஒரு கைப்பிடியைத் தூரிலிருந்து சற்றுத் தள்ளித் தூவலாம்.

கிளைகளை வெட்டிவிடும் கவாத்துதான் இந்தச் செடியின் முக்கியமான வேலை. அரளியில் ஒரு கணுவுக்கு மூன்று இலைகள் சுற்றி நிற்கும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அந்த இலைகளின் இடுக்குகளிலிருந்து மூன்று துளிர்கள் வரை கிளம்பும். பூ புதுக்கிளையின் நுனியில் வருவதால், ஒரு பூப்பருவம் ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைத் துணிந்து குறைக்கலாம். பூவோடு நிற்கும் செடியை வெட்ட மனம் வராதவர்களின் வீட்டில்தான் அரளி உயரமாக வளர்ந்து, எட்டாத உச்சியில் மட்டும் பூத்து நிற்கும்.

இளந்தளிரில் சாறு உறிஞ்சும் மஞ்சள் நிற அசுவினிப் பூச்சி அப்பினால் சோப்புத் தண்ணீர் தெளித்தால் அடங்கும். இரு பக்கமும் நீலக் கண் போன்ற புள்ளியுடைய பெரிய பச்சைப் புழுவைக் கண்டால் குச்சியால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும்.

இனி, எங்கே நடுவது என்ற கேள்வி. இதற்கு வழக்கமே விடை சொல்கிறது. திருமுருகாற்றுப்படையில் முருகனை வழிபட்டு ஆடும் வெறியாட்டுக் களத்தில் தொங்கவிடப்படுவது கணவீர மாலை, கணவீரம் செவ்வரளியே. இன்றும் முருகனுக்கும் காளிக்கும் துர்க்கைக்கும் உகந்ததாகக் கருதப்படும் இந்தப் பூவை நம் பெண்கள் பொதுவாகத் தலையில் சூடுவதில்லை. வெகு தொலைவில், 1945இல் அணுகுண்டால் கருகிய ஹிரோஷிமாவில் முதலில் பூத்தவற்றுள் ஒன்றாக அறியப்பட்டு, 1973இல் அந்நகரின் மலராக அறிவிக்கப்பட்டதும் அரளிதான். வீரத்துக்கும் மீண்டெழுதலுக்கும் அடையாளமான இந்தச் செடி முழுவதும் நஞ்சு என்பதால், கோயில் வேலியோரமும் வீட்டின் முன்மூலையும் இதற்கு ஏற்றவை. அடுக்களை வாசலும் ஆடு கட்டும் இடமும் ஆகா.

கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர், மலபார் தேவசம் வாரியங்கள் 2024 மே மாதத்தில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. நம் கோயில்களிலும் மாலையாகச் சாத்துவதோடு நிறுத்திக்கொண்டு, தீர்த்தத்திலோ பிரசாதத் தட்டிலோ இதழ் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். கவாத்து செய்யும்போது கையுறை அணிந்து, பிசுபிசுப்பான சாறு கண்ணில் படாமல் கவனித்து, பின்னர் சோப்பால் கை கழுவ வேண்டும். குழந்தை இலையையோ பூவையோ மென்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெட்டிய கிளைகளின் புகையும் தீங்கானது என்பதால் அவற்றைக் குப்பையோடு எரிக்காமல், ஆடுமாடு மேயாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.