பிறவியில் வந்ததெல்லாம் பரம்பரை அல்ல

மரபியல் ஆலோசனைக்குப் பயிற்சி எடுக்க வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். மரபணுவையும் குரோமோசோமையும் குழப்பிக்கொள்வதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அதை விடுங்கள். விடாமல் திரும்பத் திரும்ப வரும் நான்கு தவறுகள் இவை.

‘பிறவியிலேயே’ என்றதும் ‘பரம்பரை’ என்று எழுதுவது

இந்த ஒன்றைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

காது கேட்காத நாலு மாதக் குழந்தையோடு ஒரு தாய் வந்திருந்தார். நான் உடனே வம்சாவளிப் படம் வரைய ஆரம்பித்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பாதிப்பு இருந்தால் உள்ளே கறுப்பு. “உங்கள் பக்கம் யாருக்காவது காது கேட்காதா?” என்று மூன்று தலைமுறையைத் துருவினேன். அவர் என் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ என் ரத்தத்திலிருந்துதான் வந்ததா?” என்றார்.

அப்புறம் என் சீனியர் கேட்டார், கர்ப்பத்தில் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்ததா என்று. இரண்டாம் மாதத்தில் வந்திருந்தது. குழந்தையின் ரத்தப் பரிசோதனையும் ருபெல்லா என்றே சொன்னது; கர்ப்பத்தில் தாய்க்கு வந்தால் கருவையும் தாக்கும் வைரஸ் தொற்று அது. ஆனால் பழி அதற்குள் அவர் வீடுவரை போய்விட்டது. இன்னொரு குழந்தை வேண்டாம் என்றே அவர் முடிவு செய்திருந்தார்.

இத்தனைக்கும் இது பழைய பாடம். பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மாரில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-லேயே எழுதினார். 1961-ல், கர்ப்பகாலக் குமட்டலுக்குக் கொடுத்த தாலிடோமைடு என்ற மாத்திரையின் விவகாரம் வெடித்தது. கருத்தரித்துச் சுமார் 20 முதல் 36 நாளுக்குள் அந்த மாத்திரையைப் போட்ட தாய்மார்களுக்குத்தான் கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன.

மறுபக்கமும் உண்டு. மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் முழுக்க மரபணுவால் வருவது. ஆனால் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும், பிறக்கும்போது சுவடே இருக்காது. டவுன் சிண்ட்ரோம் குரோமோசோம் கோளாறுதான், ஆனாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வழிவழியாக வந்ததில்லை.

முதல் மூன்று மாதத்தைப் பற்றிக் கேட்டு முடிக்காமல் பென்சிலைத் தொட இப்போது யாரையும் நான் விடுவதில்லை.

மரபணு பாதி, சூழல் பாதி என்று பங்கு போடுவது

பீனைல்கீட்டோன்யூரியா என்பது உணவுப் புரதத்தில் உள்ள பீனைல்அலனைனை உடம்பால் சரியாக உடைக்க முடியாத பரம்பரை நோய். அது உள்ள பெண் கர்ப்பத்தில் உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டால், அவர் ரத்தத்தில் ஏறும் பீனைல்அலனைன் நச்சுக்கொடி வழியே போய்க் கருவின் மூளையைத் தாக்கும். குழந்தைக்கு அந்த நோய் இல்லாவிட்டாலும் தாக்கும். தாயின் மரபணுவே குழந்தைக்குச் சூழலாகிவிடுகிறது. இதை எந்தப் பங்கில் சேர்ப்பீர்கள்?

ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு வயிற்றில் ஒரே சூழல் என்பது

இல்லை. மரபணு ஒன்றுதான், ஆனாலும் கைரேகையே வேறு.

கர்ப்பம் உறுதியான பிறகு ஃபோலிக் அமிலம் தொடங்கச் சொல்வது

தாமதம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதே பலருக்கு அப்போதுதான் உறைக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்லுங்கள். முன்பு நரம்புக்குழாய் சரியாக மூடாத குறைபாட்டோடு குழந்தை பிறந்திருந்தால் அளவு இன்னும் கூடும், அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.