முதல் பெரிய ரைஃபிள்: .375 மேக்னத்தின் உதைக்குப் பழகும் முறை

காட்டெருமை, யானை போன்ற பெருவிலங்கு வேட்டைக்கென உருவான ரைஃபிள்களில் புதியவர் எடுக்கத் தகுந்தது .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து மேக்னம். 1912இல் வந்த தோட்டா அது. 300 கிரெய்ன் (19.4 கிராம்) குண்டு நொடிக்குச் சுமார் 770 மீட்டர் வேகத்தில் புறப்படும். 4 கிலோ எடையுள்ள ரைஃபிளில் இதன் உதை, மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .308 ரைஃபிளின் உதையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1956இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னம் இன்னும் கடுமையானது. தொடக்கத்துக்கு அது வேண்டாம்.

உங்கள் நாட்டுச் சட்டப்படி உரிமம் வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். ரைஃபிளைப் பூட்டிய பெட்டியிலும், தோட்டாக்களை வேறொரு பூட்டிய பெட்டியிலும் வையுங்கள்.

படி 1: துப்பாக்கியைச் சோதித்தல்

போல்ட்டை (கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றி இறக்கும் உலோகத் தண்டு) கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் குழலின் முதல் குண்டு வேறிடத்தில் விழும். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) பிடித்திருக்கும் திருகுகளைச் சரிபாருங்கள். இந்த உதையில் முதலில் தளர்பவை அவைதான். இயல்பாகக் கன்னம் பதித்தபின் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். குறைந்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

படி 2: டம்மி தோட்டாவில் போல்ட் பழக்கம்

மருந்தில்லாத போலித் தோட்டாவில் (டம்மி) பழகும் இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போவார்கள். ஆபத்தான விலங்கின் முன் உயிரைக் காப்பதும் இதுதான். .375 தோட்டா 91 மி.மீ. நீளம். சிறிய ரைஃபிளில் பழகிய கை, போல்ட்டைப் பாதியிலேயே நிறுத்தித் திரும்பத் தள்ளும். அப்போது காலிக்கூடு வெளியேறாமல் சிக்கும். அல்லது கூடு வெளியேறியும் அடுத்த தோட்டா ஏறாது, விசையை அழுத்தினால் வெறும் ‘டிக்’ சத்தம்தான். போல்ட் பின்கோடியில் இடிக்கும்வரை வலுவாக இழுங்கள், அதே வலுவில் தள்ளுங்கள். துப்பாக்கி தோளிலேயே இருக்கட்டும். மவுசர் வகை போல்ட் (தோட்டாவின் விளிம்பைக் கொக்கியால் பிடித்து ஏற்றும் வகை) என்றால் தோட்டாவை மேகசின் (தோட்டாக்கூடு) வழியாகவே ஏற்றுங்கள். அறைக்குள் நேரடியாகப் போட்டால் கொக்கி தோட்டாவின் விளிம்பைப் பிடிக்காமல் போகலாம்.

படி 3: நிற்கும் முறை

முதல் குண்டை நின்றே சுடுங்கள். மேசையில் குனிந்திருந்தால் உடம்பு பின்னால் அசைய வழியில்லை. உதை முழுவதும் தோளில் இறங்கும். இடது காலை (வலக்கைக்காரர்) முன்வைத்து, எடையை அதன்மேல் சாய்த்து, துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோள்குழியில் இறுக்கிப் பதியுங்கள். தளர்வாக வைத்தால் துப்பாக்கி வேகமெடுத்து வந்து இடிக்கும். இரு கைப்பிடியும் உறுதியாக இருக்கட்டும். பின்கைப்பிடி தளர்ந்தால் விசைக்காப்பு நடுவிரலைத் தாக்கும். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும்.

படி 4: குறி சரிசெய்தல்

இதற்கு மட்டும் மேசை. கட்டைக்கும் தோளுக்கும் நடுவே சிறு மணல்பையை வையுங்கள். துப்பாக்கி அசையாதபடி எடை வைத்துப் பிணைக்கும் தாங்கிகள் வேண்டாம். உதைக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் கட்டை பிளக்கலாம்.

25 மீட்டரில் தொடங்குங்கள். ஸ்கோப்பின் திருகியை ஒரு படி திருப்புவது ஒரு கிளிக். 100 மீட்டரில் குறியை 7 மி.மீ. நகர்த்தும் கிளிக், 25 மீட்டரில் 1.75 மி.மீ. மட்டுமே நகர்த்தும். குண்டு 3.5 செ.மீ. தாழ்வாகப் பட்டால் 20 கிளிக் மேலே. பிறகு 100 மீட்டரில் மூன்று குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைக் கொண்டு திருத்துங்கள். ஒற்றைக் குண்டை நம்பித் திருகாதீர்கள்.

படி 5: பயத்தைக் களைதல்

உதையை எதிர்பார்த்து, விசை விடுபடும் கணத்தில் கண் மூடி, தோள் முன்னால் துள்ளும். குண்டுகள் தாழ்ந்து சிதறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். நண்பர் ஒருவரை மேகசினில் டம்மியும் நிஜத் தோட்டாவும் கலந்து, உங்களுக்குத் தெரியாமல் நிரப்பச் சொல்லுங்கள். டம்மியில் குழல் முனை குதித்தால் குறை உங்களிடம்தான். அன்று பெரிய ரைஃபிளை மூடிவைத்து, உதை மிகக் குறைந்த சிறிய .22 ரைஃபிளில் விசை அழுத்தப் பழகுங்கள். எப்படியானாலும் ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாவுக்குமேல் வேண்டாம். தோள் களைத்தபின் சுடுவது பயத்தைத்தான் பழக்கும்.

நிஜத் தோட்டா வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே 30 நொடியாவது வைத்திருந்து, பிறகு போல்ட்டைத் திறங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அதே 30 நொடி காத்திருந்து, துப்பாக்கியைக் காலிசெய்து, போல்ட்டைக் கழற்றிக் குழலைப் பாருங்கள்.