பித்தப்பை எடுத்த பின் தீராத வயிற்றுப்போக்கு: எனக்குக் கேட்ட வைத்தியம்

அறுவை முடிந்து ஓராண்டு கழித்தும் சாப்பிட்ட கையோடு கழிவறைக்கு ஓட வைத்தது பித்தநீர்தான். கிருமி மருந்து இதற்குக் கேட்காது. சேமிக்கப் பை இல்லாததால் பித்தநீர் நாள் முழுக்கக் குடலில் இறங்குகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சாமல் விட்ட மிச்சம் பெருங்குடலில் தண்ணீரைச் சுரக்க வைக்கிறது. மலம் மஞ்சளாக, எரிச்சலோடு போவது அதனால்தான்.

நிறுத்தியது, குடலில் பித்தநீரைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமின் தூள். மருத்துவர் சீட்டுப்படி 4 கிராம் பொட்டலம் ஒன்று, ஒரு டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, சாப்பாட்டுக்கு முன். தூளை அப்படியே வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பலர் தவறுவது நேரத்தில்: இந்தத் தூள் மற்ற மாத்திரைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றை 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு எந்தப் பக்கமும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். மலம் இறுகினால் அளவைக் குறைக்கக் கேளுங்கள். மாதக்கணக்கில் எடுத்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையலாம்.

எண்ணெய்ப் பண்டத்தை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துச் சாப்பிடுவதும் உதவியது.

வலது மேல் வயிற்று வலி, குளிர்காய்ச்சல், மஞ்சள் கண், வெளுத்த மலம் என்றால் கதை வேறு. பித்தக்குழாயில் கல் ஆண்டுகள் கழித்தும் வரும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்: கல்லீரல் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தெளிவில்லையென்றால் எம்ஆர்சிபி (பித்தக்குழாயைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்). கல் இருந்தால் வாய்வழியே கேமரா குழாய் செலுத்தி, இஆர்சிபி என்ற முறையில் எடுப்பார்கள்.