சுரங்கம் தோண்டி மூடிய நிலம்: மண்ணை மதிப்பிடுவதில் நேரும் தவறுகள்

சுரங்கப் பணி முடிந்து குழியை நிரப்பிச் சமன்செய்த நிலத்தில் மரம் நடலாமா, பயிர் வைக்கலாமா, மேய்ச்சலுக்கு விடலாமா என்று முடிவெடுக்க மண் பரிசோதனை செய்கிறார்கள். பெரும்பாலும் வயல் மண்ணுக்கான பரிசோதனை முறையையே இங்கும் கையாளுகிறார்கள். மேலாக 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் எடுத்து, பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம்), தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ‘ஏற்றது’ என்று எழுதிவிடுகிறார்கள். இதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய். வயல் மண் நெடுங்காலம் வெயிலும் மழையும் பட்டு நிலைப்பட்டது. சுரங்கத்திலிருந்து வந்ததோ ஆழத்தில் காற்றுப் படாமல் கிடந்த பாறைத் தூள். வெளியே வந்த பிறகுதான் அதன் குணமே மாறத் தொடங்குகிறது.

அப்படி மாறுவதில் மிக மோசமானது பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த இந்தக் கனிமம் நிலக்கரியை ஒட்டிய பாறைகளிலும் பல உலோகத் தாதுக்களிலும் இருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் இதிலிருந்து கந்தக அமிலம் உருவாகும். புதிதாகக் கொட்டிய மண்ணில் பி.எச். 7 என்று வரும். அதே மண் சில ஆண்டுகளில் 4-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். பி.எச். 5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கெடுக்கிறது. நன்றாகத் துளிர்த்த கன்றுகள் பிறகு காரணம் தெரியாமல் கருகுவது பல இடங்களில் இதனால்தான். ஆகவே பி.எச். மட்டும் பார்த்தால் போதாது. அமிலம் உண்டாக்கும் திறனையும் அதை முறிக்கும் திறனையும் தனித்தனியே அளந்து ஒப்பிட வேண்டும். பைரைட்டாக உள்ள கந்தகம் 1 சதவீதம் இருந்தால், 1,000 டன் மண்ணில் உண்டாகும் அமிலத்தை முறிக்க 31.25 டன் கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்பு) தேவை. மண்ணில் இயல்பாகவே அந்த அளவுக்குச் சுண்ணாம்பு இல்லையென்றால் பின்னால் சிக்கல் நிச்சயம்.

மாதிரி எடுப்பதிலும் வயல் வழக்கம் இங்கே உதவாது. பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால், இரண்டு இடங்களில் இருக்கும் கடும் அமிலம் சராசரியில் மறைந்துவிடும். ஒவ்வொரு லாரிச் சுமையும் வெவ்வேறு ஆழத்திலிருந்து வந்திருக்கிறது. நிறமோ கல்லின் அளவோ மாறும் இடங்களிலெல்லாம் தனி மாதிரி எடுக்க வேண்டும்.

ஆய்வக அறிக்கையைப் படிப்பதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஆய்வகம் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக் கல்லை ஒதுக்கிவிட்டுத்தான் பரிசோதிக்கிறது. ஒரு மீட்டர் ஆழ மண் 150 மில்லிமீட்டர் நீர் பிடிக்கும் என்று அறிக்கை சொல்லலாம். நிலத்தின் கன அளவில் 60 சதவீதம் கடினக் கல் என்றால், செடிக்குக் கிடைப்பது 60 மில்லிமீட்டர்தான். அடுத்தது, மண்வளத்தின் அடையாளமாகப் பார்க்கப்படும் அங்ககக் கரிமம். நிலக்கரித் துகள் கலந்த மண்ணில் இந்த எண் மிக உயர்வாக வரும். வளமான மண் என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அது கரியிலிருந்து வந்த கரிமம். மட்கிய இலைதழை தரும் ஊட்டம் அதில் கிடையாது.

என்னைக் கேட்டால், ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே குழி வெட்டிப் பார்ப்பது முக்கியம். புல்டோசரும் கனரக லாரிகளும் பலமுறை ஏறி இறங்கிய நிலம் மேலே பொலபொலப்பாகத் தெரிந்தாலும் ஓர் அடிக்குக் கீழே கெட்டிப்பட்டிருக்கும். களிமண்ணில் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிராமைத் தாண்டினாலே வேர் திணறும். மணற்பாங்கான மண்ணில் இந்த எல்லை 1.7, 1.8 வரை போகும். தானாக முளைத்திருக்கும் களைச்செடி ஒன்றை வேரோடு தோண்டிப் பாருங்கள். ஆணிவேர் ஓரிடத்தில் சட்டென்று மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால், கெட்டித் தளம் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு உரம் போட்டாலும் இந்தக் குறை தீராது; மண் காய்ந்திருக்கும்போது ஆழமாகக் கிளறிவிட வேண்டும். மரம் வளர்க்க ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழத்துக்கு இளகிய மண் இருப்பது நல்லது.

குழி வெட்டிய கையோடு உலர்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீரில் அசைக்காமல் போட்டு வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் மண்ணில் சோடியம் மிகுதி என்று சந்தேகிக்கலாம். இத்தகைய களர் மண்ணுக்கு ஜிப்சம் வேண்டும். உவர் மண்ணுக்கோ உப்பைக் கழுவி வெளியேற்ற நல்ல வடிகால் வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் களர் மண்ணில் தண்ணீரை மட்டும் பாய்ச்சினால் மண் இன்னும் இறுகிவிடும்.

தோண்டும் முன் எடுத்துச் சேமித்த மேல்மண் கைவசம் இருக்கிறது என்ற நிம்மதியும் சில நேரம் பொய்யாகிவிடுகிறது. உயரமாகக் குவித்துப் பல ஆண்டுகள் விட்ட மண்ணின் உட்பகுதியில் காற்று இல்லாமல் மண்புழுக்களும் வேருக்கு உதவும் பூஞ்சைகளும் விதைகளும் பெருமளவு அழிந்துபோகும். பரப்பும் முன் அதையும் புதிதாகப் பரிசோதிக்க வேண்டும்.

கடைசியாக, ‘ஏற்றது’ என்று எழுதும்போது எதற்கு ஏற்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 40 சென்டிமீட்டர் நல்ல மண் புல்லுக்குப் போதலாம், ஆழமாக வேர்விடும் மரத்துக்குப் போதாது. அமிலத்தைத் தாங்கும் மரம் வளரும் இடத்தில் பயறு வகைகள் பொய்த்துப்போகலாம். பயன்பாட்டை முதலில் முடிவுசெய்து, அதற்குத் தேவையான ஆழம் வரை அடுக்கடுக்காக மண் எடுத்துப் பரிசோதியுங்கள்.