ஏர் ரைபிள் குறி தவறுகிறதா? சைட்டைத் திருகும் முன் கட்டையைக் கழற்றிப் பாருங்கள்

சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு முதல் துப்பாக்கி ஆடிப் பண்டிகையில்தான் கைக்கு வரும். கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தால் பலூன் சுடும் கடை. அஞ்சு குண்டில் நாலு பலூனைத் தாண்டிப் போய்விடும். கடைக்காரர் சிரிக்காமல், "கொஞ்சம் வலது பக்கமா வச்சு அடிங்க தம்பி" என்பார். அந்தத் துப்பாக்கியில் குழல் ஒரு பக்கம், அதைத் தாங்கும் மரக் கட்டை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அப்போது தெரியாது.

சொந்தமாக ஒன்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. என்னுடையது 0.177 அங்குலக் குழல் அளவு, குழலை மடக்கி லோடு செய்யும் சாதாரண ஸ்பிரிங் ரைபிள். சேலம் வீட்டில் சுட இடமில்லை. ஏற்காட்டில் மாமனார் தோட்டத்தின் பின்பக்கம்தான் நம் மைதானம். முழுசாகப் பைக்குள் அடங்காது என்பதால் கட்டையைத் தனியாகக் கழற்றி, துண்டில் சுற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் மறுபடி மாட்டுவேன். ஒரு தடவை குண்டு இடது பக்கம் போகும், குறி பார்க்கும் சைட்டைத் திருகுவேன். அடுத்த தடவை வலது பக்கம் போகும், எதிர்ப்பக்கம் திருகுவேன். மாமா காபி குடித்துக்கொண்டே, "மாப்பிள்ளைக்குக் குறி தப்புனா பழி எல்லாம் துப்பாக்கி மேலதான்" என்பார். ஒரு வருடத்தில் பின் சைட் ஓரம் முட்டி நின்றுவிட்டது. கோளாறு சைட்டில் இல்லை, இரண்டு துண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வேலைக்கு முன் இரண்டு விஷயம். இங்கே சொல்வது, வெளியேறும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட, குழல் அளவு 0.177 அங்குலத்துக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு மட்டும். 2016 ஆயுத விதிகளின்படி அந்த அளவைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் துப்பாக்கியை வீட்டில் நோண்டாதீர்கள், உரிமம் பெற்ற பட்டறைக்குத்தான் போக வேண்டும். அப்புறம், மிளகுக் கொடியில் குரங்கு ஏறுகிறது, பழத்தைக் கிளி கொத்துகிறது என்று அவற்றின் மேல் குறிவைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது.

சாமான்கள் எளியவை: ஸ்க்ரூ தலைக்கு அச்சாகப் பொருந்தும் திருப்புளி அல்லது ஆலன் கீ, கொத்தனார் நூல், மெல்லிய உப்புத்தாள், ஒரு பென்சில், கண்மை டப்பா, வெள்ளைத் துணி. திருப்புளி மட்டும் நல்லதாக வாங்குங்கள். தளர்ந்த திருப்புளி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிட்டால் மீதி வேலை லேத் பட்டறையில்தான்.

முதலில்: காலியா என்று பாருங்கள்

குழலை லேசாக மடக்கி, பின்வாயில் குண்டு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்பிரிங் ஏற்றப்பட்ட நிலையில் இருந்தால் கட்டையைத் தொடவே கூடாது. குண்டு போட்டு, பாதுகாப்பான தடுப்பில் சுட்டு இறக்குங்கள். வெறுமனே ட்ரிகரை அழுத்தினால், முன்னால் குண்டு தரும் எதிர்ப்பு இல்லாமல், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் போய் மடார் என்று மோதும். குழல் மடங்கிய நிலையில் ட்ரிகரைத் தட்டிவிட்டால் இன்னும் மோசம். குழல் விசையோடு மேலே அடித்து மூடி, வளைந்தே போகும், நடுவில் விரல் இருந்தால் விரலும் போகும்.

ஆட்டம் எங்கே?

ஒரு கையால் கட்டையின் முன்பகுதியையும் மறு கையால் குழலையும் பிடித்து இடவலமாக அசையுங்கள். 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் கட்டை ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. பிறகு குழலை இரண்டு விரல் அகலம் மடக்கி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆடினால் மடங்கும் இடத்தின் போல்ட் தளர்வு. அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி மறுபடி பாருங்கள். ஆட்டம் நின்று, மடக்குவதும் சுலபமாக இருந்தால் போதும். அதற்கு மேல் இறுக்காதீர்கள்.

கழற்றுவது

என் ரைபிளில் கட்டையின் முன்பக்கம் இடம் ஒன்று, வலம் ஒன்று, ட்ரிகர் காவலில் இரண்டு, ஆக நாலு ஸ்க்ரூ. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் ஓட்டை போட்டுக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள், நீளம் வேறு வேறாக இருக்கும். இரும்புப் பகுதியை நேராக மேலே தூக்குங்கள். அத்தோடு சரி. பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை வெளியே எடுக்கப் போகாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்துக்கு வரும்.

கழற்றிய இந்த நேரத்தில் குழல் நேரா என்று பார்த்துவிடலாம். நூலை, ஸ்பிரிங்கும் பிஸ்டனும் உள்ளே இருக்கும் தடித்த சிலிண்டரின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஒட்டுமாறு இழுத்துப் பிடித்து, குழல்வாய் வரை நீட்டுங்கள். குழல் மெல்லியது, அதனால் நுனியில் நூலுக்கும் குழலுக்கும் ஒரு இடைவெளி தெரியும். அதை அளந்து, மறுபக்கமும் அதேபோல் அளங்கள். இரண்டும் சமமாக இருந்தால் குழல் மேல் பழி இல்லை. சமமில்லை, மடங்கும் போல்ட்டிலும் ஆட்டமில்லை என்றால் குழல் வளைந்திருக்கிறது, கடைக்குக் கொண்டு போங்கள். கொய்யா மரக் கவையில் சொருகி நிமிர்த்த முயன்ற ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது அந்தத் துப்பாக்கி மூலை திரும்பிச் சுடுகிறது.

மை தடவிப் பார்ப்பது

இதுதான் முக்கியமான வேலை, அவசரப்படாதீர்கள். சிலிண்டரின் அடிப்பக்கத்திலும் இரு பக்கத்திலும் கண்மையை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். விளக்குக் கரியில் ஒரு சொட்டு எண்ணெய் குழைத்தாலும் சரிதான். இரும்பைக் கட்டைக்குள் இறக்கி, ஸ்க்ரூ போடாமல் ஒரு முறை அழுத்தி, நேராகத் தூக்குங்கள். மரத்தில் எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இரும்பு உட்கார்ந்திருக்கிறது.

நான் முதல் முறை செய்தபோது வலப்பக்கம் முன்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு கருப்புப் பொட்டு. இடப்பக்கம் சுத்தமான மரம். அதாவது வலப்பக்கம் மரம் புடைத்து, இரும்பை இடது பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. தெரிந்த ஆசாரியிடம் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்சிருக்குதுங்க. உள்பக்கம் பாலிஷே போடலைங்க" என்றார். வெளியே பளபளவென்று வார்னிஷ், உள்ளே பச்சை மரம். ஐப்பசி மழையில், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் வாரக்கணக்காக இருந்தால் புடைக்காமல் என்ன செய்யும்? சித்திரையில் சேலத்து வெயிலுக்கு அதே மரம் வற்றும், ஸ்க்ரூ தளரும்.

உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி, மை பட்ட இடத்தை மட்டும் நாலு இழுப்பு. மறுபடி மை, மறுபடி அழுத்தல், மறுபடி நாலு இழுப்பு. எனக்குப் பதினோரு தடவை ஆனது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி மை ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். தேய்த்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசியில் உள்பக்கம் முழுக்க லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசாகப் பூசி ஓரிரு நாள் காயவிடுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள். சிலிண்டருக்குள் மட்டும் எந்த எண்ணெயும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் விட்டால் உள்ளே அழுத்தத்தில் எரிந்து புகை வரும், காற்று கசியாமல் அடைக்கும் சீலும் கெடும்.

ஸ்க்ரூ ஓட்டை முட்டை வடிவத்துக்கு அகன்றிருந்தால், பழைய டிரான்சிஸ்டர் ஆன்டெனாவில் பொருந்தும் கணுவாகப் பார்த்து, மரத்தின் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி, அரால்டைட் தடவிச் செருகுங்கள். ஸ்க்ரூ மரத்தை நசுக்காமல் அந்தக் குழாயில் நிற்கும்.

மாட்டுவது

நாலு ஸ்க்ரூவையும் விரலால் போகிற வரை போடுங்கள். எதையும் முழுசாக இறுக்காதீர்கள். பிறகு முன்பக்கம் இடதில் கால் சுற்று, வலதில் கால் சுற்று என மாறி மாறி. ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால், மை தடவிப் பார்த்த உழைப்பெல்லாம் வீண், இரும்பு அந்தப் பக்கம் போய்விடும். முன்னிரண்டும் நின்ற பிறகு ட்ரிகர் காவல். மணிக்கட்டு பலம் போதும், தோள்பலம் வேண்டாம்.

சுட்டுப் பார்ப்பது

10 மீட்டர் தள்ளி அட்டை, அதன் பின்னால் மணல் மூட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. இரும்புத் தகடோ பாறையோ பின்னால் இருந்தால் குண்டு திரும்பி வரும். குழலை எதன் மேலும் சாய்க்காமல், கட்டையின் முன்பகுதியை உள்ளங்கையில் தளர்வாக ஏந்தி, கையை ஒரு பையின் மேல் வையுங்கள். அஞ்சு குண்டு.

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அந்தப் புள்ளியை நோக்கிச் சுட்டுத்தான். நமக்கு அதெல்லாம் வேண்டாம், அஞ்சும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தால் போதும். இரண்டு இடத்தில் கொத்துக் கொத்தாக விழுந்தால் இன்னும் ஏதோ ஒன்று தளர்வாக இருக்கிறது. ஒரே கொத்தாக, ஆனால் நடுவை விட்டு விலகி விழுந்தால் மட்டும் இப்போது சைட்டைத் தொடலாம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள், அதுவும் மயிரிழை. இரண்டு சைட்டுக்கும் நடுவே 45 சென்டிமீட்டர் என்றால், 1 மில்லிமீட்டர் நகர்த்தினாலே 10 மீட்டரில் 2 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குண்டு ஈயம்.

எல்லாம் சரியாக நின்ற அன்றைக்கு மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து, ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் தொடங்கிப் பக்கத்து மரம் வரை ஒரு சின்னக் கோடு போட்டேன். இப்போது ஏற்காடு போய் மாட்டும்போது கோடும் கோடும் சேரும் வரை திருகினால் போதும். மாமா அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கிக்கு நகப்பூச்சா மாப்பிள்ளை?" என்றார். ஆனால் அன்றைக்கு நாலாவது குண்டுக்கு அப்புறம் அவரே கை நீட்டித் துப்பாக்கியைக் கேட்டார்.