பொலோன்யாவின் சின்னக் கடைகளில் நூறு நூறு கிராமாக வாங்கிச் சாப்பிடுவது எப்படி?

பொலோன்யாவில் இறங்குவதற்கு முன்பே ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'எத்தோ'. இத்தாலியில் நூறு கிராமுக்கு அதுதான் பேச்சு வழக்கு. சீஸ், இறைச்சி, ஆலிவ் எல்லாவற்றையும் உள்ளூர்க்காரர்கள் எத்தோ கணக்கில்தான் கேட்பார்கள். விலை அட்டையிலும் பல இடங்களில் எத்தோ விலைதான் எழுதியிருக்கும். அதைக் கிலோ விலை என்று நினைத்துவிட்டால் பில்லைப் பார்க்கும்போது திக்கென்று இருக்கும்.

1. காலையிலேயே கிளம்புங்கள்

பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு மதியம் 2 மணிக்குப் போய், சாத்திய கதவுகளை மட்டும் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். சின்னக் கடைகள் பலவும் 1 மணிவாக்கில் மூடி, சாயங்காலம் 4 மணிக்கு மேல்தான் திறக்கும்.

2. பலகையைப் படியுங்கள்

பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தை ஒட்டி இருக்கிறது குவாத்ரிலாத்தெரோ, பழைய கடைத்தெரு. அங்கே ஒரு சந்துக்குப் பழைய மீன்கடைத் தெரு என்று பெயர், இன்னொன்றுக்குத் தட்டார் தெரு. 'சலுமெரியா' என்று பலகை இருந்தால் பதப்படுத்திய இறைச்சியும் சீஸும் கிடைக்கும். 'ஃபோர்னோ' ரொட்டிக் கடை. 'அலிமென்தாரி' நம் மளிகைக் கடை மாதிரி.

3. வணக்கம் சொல்லி, முறைக்குக் காத்திருங்கள்

நுழைந்ததும் 'புவோன்ஜோர்னோ' சொல்லுங்கள். கூட்டம் அதிகமுள்ள கடையில் எண் சீட்டு தரும் சிறு பெட்டி இருக்கும், முதலில் அதைக் கிழித்துக்கொள்ளுங்கள். பழம், காய்கறியை நீங்களே தொட்டு எடுக்காதீர்கள், கடைக்காரர் எடுத்துத் தருவார். அப்புறம், 'பொஸ்ஸோ அஸ்ஸஜ்ஜாரே?' என்று கேட்டால் ருசி பார்க்கலாமா என்று அர்த்தம். தயங்காமல் கேளுங்கள்.

4. பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் தொடங்குங்கள்

இந்தக் கெட்டியான சீஸின் முழு வட்டு ஒன்று சுமார் 40 கிலோ. அதற்கு 550 லிட்டர் போலப் பால் வேண்டும். கடைக்காரர் அதைச் சீவ மாட்டார். பாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும் குட்டையான கத்தியைக் குத்தி நெம்புவார், சீஸ் பாறை மாதிரி பிளக்கும். பிளந்த முகத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா? பல்லில் நறநறக்கும் அவை உப்பு அல்ல, முதிரும்போது உண்டாகும் படிகங்கள். 'குவான்தி மெஸி?' (எத்தனை மாதம்?) என்று கேளுங்கள். குறைந்தது 12 மாதம் முதிர்ந்திருக்கும். 24 மாதச் சீஸில் அரை எத்தோ, 36 மாதச் சீஸில் அரை எத்தோ வாங்கி அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் பால் வாசனை இன்னும் இருக்கும், பின்னது உலர்ந்து காரசாரமாக நாக்கில் நிற்கும். இந்த ஊரை அறிய இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

இறைச்சி சாப்பிடுகிறவர்கள் மோர்தாதெல்லா என்ற பருத்த பன்றித் தொத்திறைச்சியைக் காகிதம் போல மெல்லிசாகச் சீவித் தரச் சொல்லுங்கள்.

சைவர்கள் கவனிக்க: பார்மிஜானோவில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். தோர்தெல்லினி என்ற சின்னப் பாஸ்தாவின் பூரணத்தில் பன்றி இறைச்சி உண்டு. ரொட்டி வகைகள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். 'ஸ்த்ருத்தோ' (அந்தக் கொழுப்புதான்) இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

5. உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

சரி, பொட்டலங்களோடு எங்கே போவது? அதே கடைத்தெருவில் 1465 முதல் இருக்கும் ஒஸ்தெரியா தெல் சோலே என்ற மதுக்கடையில் சாப்பாடு விற்பதில்லை. குடிக்க ஏதாவது வாங்கிக்கொண்டு, நீங்கள் கொண்டுபோனதை மேசையில் விரித்துச் சாப்பிடலாம். பக்கத்து மேசைக்காரர்களின் பொட்டலங்களைப் பார்த்தாலே அடுத்து என்ன வாங்குவது என்று தெரிந்துவிடும்.

6. வீட்டுக்கு எடுத்துவர

'சொத்தோவுவோதோ' என்று சொன்னால் காற்றை உறிஞ்சிப் பொதிந்து தருவார்கள். சீஸ் தீர்ந்தபின் அதன் கெட்டித் தோலை வீசிவிடாதீர்கள். சுரண்டிக் கழுவி, கொதிக்கும் காய்கறி சூப்பில் போடுங்கள். அந்த ஊர் வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அரை மணி நேரத்தில் தோல் மெத்தென்று ஆகிவிடும், அதையும் நறுக்கிச் சாப்பிடலாம்.